வள்ளிக்கிழங்கும் வெங்காயமும்

சினுவா ஆச்சிபி 1958 இல் எழுதிய நாவலை என்.கே. மகாலிங்கத்தின் ‘சிதைவுகள்’ என்ற தமிழாக்கத்தில் வாசிக்கும் மாணவிகள் பலர் ஒக்கொங்வோவை வீரன் என்றே எழுதி வருகிறார்கள். மல்லன், உழைப்பாளி, களஞ்சியம் நிறையக் கிழங்கு வைத்திருப்பவன். எனக்கோ அவன் பயந்த மனிதனாகத்தான் தெரிகிறான்.

சிறுவயதில் விளையாட்டுத் தோழன் ஒருவன் அவனுடைய தகப்பனை ‘அக்பாலா’ என்றான். இக்போ மொழியில் அதற்குப் பெண் என்று பொருள். பட்டம் எதுவும் பெறாத ஆணையும் அப்படித்தான் அழைப்பார்களாம். குழலூதிக் கடன்பட்டுத் திரிந்த தகப்பனைப்போல் ஆகிவிடக்கூடாது என்ற அச்சமே பிறகு அவனை நடத்துகிறது. தன்னை ‘அப்பா’ என்று அழைத்த இக்கெமெஃபூனாவையே வெட்டுகிறான். ஏன்? கோழை என்று நினைத்துவிடுவார்களாம்!

அந்தச் சமூகத்தில் பயிருக்கும் பால் உண்டு. வள்ளிக்கிழங்கு ஆணின் பயிர்; சேம்பும் அவரையும் மரவள்ளியும் பெண்களுடையவை. வாசித்தபோது சிரித்தேன். ஆனால் என் ஊர் விசுவமடு. மிளகாயும் வெங்காயமும் விளைகிற குடியேற்ற மண். 2009 க்குப் பிறகு, கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் அங்கே தாங்களே தண்ணீர் இறைத்து, மருந்தடித்து, லொறிக்காரரோடு விலை பேசுகிறார்கள். தோட்டத்துக்குப் பால் கிடையாது என்று அவர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். காகிதத்துக்கு இருந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால், மனைவிக்குப் பிறகு காணி மகனுக்கு. மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்கு. அந்தக் காணியைக் கொத்திப் பயிரிட்டவள் மகளாக இருந்தாலும் அப்படித்தான். 2022 இல்தான் திருத்தினார்கள். எண்பத்தேழு வருடம்!

நாவலில் பலரும் தாண்டிப்போகிற ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். முதியவர் ந்துலுவே மனைவியிடம் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டார். அவர் இறந்த அன்றே அவளும் இறக்கிறாள். ஒக்கொங்வோவுக்கு வியப்பு, இளமையில் அவர் வலிய வீரர் அல்லவா என்று. ஆமாம், வீரர்தான் என்கிறார்கள். அவனுக்கு அது பிடிபடவில்லை.

அவனுடைய மகன் ந்வோயேக்குத் தாய் சொல்லும் கதைகளில் ஆசை. தகப்பனுக்காக வெறுப்பதுபோல் நடிக்கிறான். ஆகவே, தாய்மாரே, மகன் வளர்ந்துவிட்டான் என்று கதை சொல்வதை நிறுத்தாதீர்கள். தகப்பன்மாரே, வீட்டில் அனுமதிப்பத்திரம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் எழுதியிருக்கிறதா? யாருடைய பெயர்?