நினைவுகளுக்கும் காப்பு வேண்டும்

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பேராக் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இன்று அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் மறைந்த இடங்களில் வாழ்ந்தவர்களின் நிழற்படங்கள், பள்ளி மலர்கள், மூத்தோரின் குரல் பதிவுகள் ஆகியவையே எஞ்சியுள்ளன. இவற்றைக் கணினியில் சேமிப்போர் பாராட்டுக்குரியவர்கள். ஆயினும், சேமிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. காப்புப்படி எடுப்பதும் இன்றியமையாதது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறு படி இல்லாதவை மீளவே இல்லை. மாறாக, 2011இல் மென்பொருள் கோளாற்றால் ஜிமெயில் பயனர் சிலரின் மின்னஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் அவற்றைக் காந்த நாடாவிலிருந்து மீட்டது. கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருந்ததால் அக்கோளாறு நாடாவைத் தீண்டவில்லை. நச்சுநிரலும் அவ்வாறே அதனை எட்ட இயலாது. எனவே, நாடாவைப் பழைய தொழில்நுட்பம் என ஒதுக்குவது சரியன்று.

நாடாவில் எவ்வாறு பதிவது என்பதும் முக்கியமாகும். நாள்தோறும் அனைத்தையும் பதிவது முழுப்படி. இதற்கு நேரமும் நாடாவும் மிகுதியாகத் தேவை. முந்தைய பதிவுக்குப் பின் மாறியவற்றை மட்டும் பதிவது வளர்படி. இது விரைவானது. ஆனால், மீட்கும்போது எல்லா நாடாக்களும் வரிசையாக வேண்டும். இடையில் ஒன்று பழுதானால் மீட்பு முழுமை பெறாது. இறுதி முழுப்படிக்குப் பின் மாறிய அனைத்தையும் பதிவது வேறுபாட்டுப்படி. இதில் முழுப்படியும் இறுதி வேறுபாட்டுப்படியும் இருந்தாலே போதும். கணினி வல்லுநர் இல்லாத சங்கங்களுக்கு, வாரம் ஒரு முழுப்படியும் நாள்தோறும் ஒரு வேறுபாட்டுப்படியும் எடுப்பதே ஏற்ற முறையாகும்.

நாடாக் கருவியின் விலை மிகுதி என்பது உண்மையே. அதனால், ஈப்போவிலுள்ள சங்கங்கள் பல இணைந்து ஒரு கருவியை வாங்கிப் பகிரலாம். சிறிய பள்ளிகளுக்கு, பதிந்தபின் கழற்றி வைக்கப்படும் இரண்டு வன்தட்டுகள் போதும். எதுவாயினும், ஒரு படியை வேறோர் ஊரில் ஈரமும் வெப்பமும் தாக்காத இடத்தில் வைக்க வேண்டும். அவ்வப்போது அதனை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத படியை நம்ப இயலாது.

தோட்டங்கள் மறைந்ததை எவராலும் தடுக்க இயலவில்லை. அவற்றின் நினைவுகள் மறையாமல் காப்பது இன்றைய தலைமுறையின் கையில்தான் உள்ளது.