போரில் மாயமாகும் கப்பல்காரர்: குடும்பத்தின் கையில் என்ன இருக்கு?

மல்லாங்கிணறு,

மல்லாங்கிணறுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கம்மாயில் தண்ணி கிடந்தாலே பெரிய விஷயமான வானம் பார்த்த பூமி இது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி சீமைக்காரர்கள் பிழைப்பு தேடி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியது பழைய கதை. அன்றைக்கு டிக்கெட் எடுத்து ஏறினார்கள். இன்றைக்கு தென் மாவட்டத்துப் பையன்கள் அதே கப்பலில் வேலைக்கே ஏறுகிறார்கள். டெக், இன்ஜின் ரூம், சமையல் என்று எதிலாவது ஒரு இடம் கிடைத்தால் போதும், வீட்டுக் கடன் அடைந்துவிடும் என்று கணக்கு.

அந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு. அதுதான் போர். சரக்குக் கப்பல்காரன் துப்பாக்கி தூக்குவதில்லை. எந்த நாட்டுக்கும் எதிரியும் இல்லை. ஆனாலும் குண்டு அவன் மேலே விழுகிறது. பிறகு அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

நாகப்பட்டினம் கப்பல்

'ரஜூலா' என்ற பெயர் வயசான பெரியவர்களுக்குத் தெரியும். சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 1970-கள் வரை ஓடிய கப்பல். அதற்கு ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது. பெயர் 'ரோனா'. இரண்டையும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1926-ல் இதே தடத்துக்காகக் கட்டியது. நம்ம ஆட்களை மலேயாவுக்கு ஏற்றிப்போன கப்பல்தான்.

2-வது உலகப்போர் வந்ததும் 'ரோனா'வை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ந்தேதி, சுமார் 2 ஆயிரம் அமெரிக்க வீரர்களோடு இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட அந்தக் கப்பல் அல்ஜீரியா கடலில் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோ மூலம் திருப்பிவிடும் புதுவகை குண்டை ஏவியது. கப்பல் மூழ்கியது. மொத்தம் 1,138 பேர் பலி. அதில் 1,015 பேர் அமெரிக்கர்கள். மீதி சுமார் 120 பேர் கப்பல் ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்தியத் தொழிலாளிகள்.

புதுவகை ஆயுதம் என்பதால் விஷயம் அமுக்கப்பட்டது. அமெரிக்கக் குடும்பங்களுக்கே முழு விவரம் தெரிய பல பத்து வருஷம் ஆனது. அந்த வீரர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மரியாதை செய்ததே 2000-ம் ஆண்டில்தான். அவ்வளவு பெரிய வல்லரசில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கே இந்த நிலை என்றால், நிலக்கரி அள்ளிப்போட்டவன் வீட்டுக்கு என்ன சேதி போயிருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போரில் உயிர்விட்ட இந்திய வணிகக் கப்பல் தொழிலாளிகள் சுமார் 6,600 பேர். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு வெள்ளைக்கார மாலுமி சம்பளத்தில் கால்வாசி கிடைத்தாலே அதிகம். 1939-ல் போர் தொடங்கியதும் கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். சமாதி இல்லாத இவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவிடங்களில் பதிவாகி இருக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போதும் அதே கடல், அதே குண்டு

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று தள்ள முடியாது. 2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் 'மார்லின் லுவாண்டா' எண்ணெய்க் கப்பல் ஏவுகணை தாக்கி தீப்பிடித்தது. உள்ளே 22 இந்தியர்கள். நமது கடற்படை போய் தீயை அணைத்ததால் தப்பினார்கள். அதே ஆண்டு மார்ச் 6-ந்தேதி 'ட்ரூ கான்பிடன்ஸ்' கப்பலில் 3 ஊழியர்கள் செத்தார்கள். ஜூன் மாதம் 'டியூட்டர்' கப்பல் தாக்கப்பட்டபோது இன்ஜின் ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் காணாமல் போனார். சில நாளில் கப்பலே மூழ்கிவிட்டது. 2025 ஜூலையில் 'எட்டர்னிட்டி சி' கப்பலில் இருந்து ஹவுத்திகள் பிடித்துப்போன கேரளக்காரர் டிசம்பரில்தான் விடுதலை ஆனார். 5 மாதம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்!

உடல் கிடைக்காவிட்டால்...

இங்கேதான் சிக்கல். ஊரில் ஒருவர் செத்தால் மறுவாரமே சர்டிபிகேட் வாங்கிவிடலாம். கடலில் மாயமானவருக்கு உடல் ஏது? சாட்சி ஏது? சாட்சியச் சட்டப்படி 7 வருஷம் ஒரு சேதியும் இல்லை என்றால்தான் ஒருவர் இறந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பழைய 1872-ம் வருஷச் சட்டத்திலும் இதுதான், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இதுதான். கப்பலோடு தொலைந்தவர் சம்பளத்தை வசூலிக்க 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் வேறு கணக்கு வைத்திருந்தது. 12 மாதம் கப்பலைப் பற்றித் தகவலே இல்லை என்றால் ஆட்களோடு மூழ்கியதாகக் கருதலாம் என்றது. கப்பலுக்கு 1 வருஷம், மனுஷனுக்கு 7 வருஷம்! கம்பெனியும் கூட வேலை பார்த்தவர்களும் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் வலுவாக இருந்தால் இவ்வளவு காலம் இழுக்காது. கம்பெனியே லெட்டர்பேடு கம்பெனி என்றால் யார் எழுதிக் கொடுப்பார்?

நஷ்டஈட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்ட சர்வதேச கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி, சாவுக்கும் ஊனத்துக்கும் நஷ்டஈடு தர கப்பல் முதலாளி இன்சூரன்ஸ் போட்டிருக்க வேண்டும். அந்த சர்டிபிகேட்டை கப்பலிலேயே பார்வைக்கு மாட்டியிருக்க வேண்டும். கப்பல் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து பேசும் சர்வதேச அமைப்பு 2024 மார்ச்சில் தெற்கு செங்கடலை போர்ப் பகுதியாக அறிவித்தது. அப்படி அறிவித்த இடத்துக்குப் போகும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் 2 மடங்கு. செத்தால், ஊனமானால் நஷ்டஈடும் 2 மடங்கு. 'நான் வரமாட்டேன்' என்று சொல்லி கம்பெனி செலவிலேயே ஊர் திரும்பவும் உரிமை உண்டு.

ஆனால் இந்தச் சலுகை தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களுக்குத்தான். லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு கொடியில் ஓடும் ஓட்டைக் கப்பலில் ஏற்றிவிடும் ஏஜெண்டிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா? வேலை வாங்கித்தர கப்பல் தொழிலாளியிடம் பணம் வசூலிப்பதே சட்டப்படி தப்பு. ஆள் எடுக்க உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலை மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குனரகம் இணையதளத்தில் போட்டிருக்கிறது. ஏஜெண்டு சொல்லும் கம்பெனி அதில் இருக்கிறதா என்று பார்க்க பைசா செலவில்லை. கப்பல் ஏறும் முன்பே கப்பல் பெயர், அதன் ஐ.எம்.ஓ. நம்பர், வேலை ஒப்பந்தத்தின் நகல், வாரிசாக யார் பெயர் கொடுத்திருக்கிறது என்ற விவரம் ஆகியவற்றை வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நாளைக்கு ஒரு ஆத்தா கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும்போது, 'எந்தக் கப்பல்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.