28 லட்சம் ஓட்டு, வித்தியாசம் 129!
அமெரிக்காவைக் கலக்கிய கவர்னர் தேர்தல்

"என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 2004-ம் ஆண்டு நடந்த ஒரு கவர்னர் தேர்தலின் கதையை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 129 ஓட்டு. அத்தனை பேரையும் இரண்டு பஸ்களில் நெருக்கி ஏற்றிவிடலாம்!

ஓட்டுகளை மூன்று முறை எண்ணினார்கள். முதல் இரண்டு முறை ஒருவர் முந்தினார். மூன்றாவது முறை மற்றவர் முந்தினார். பிறகு வழக்கு. எல்லாம் முடிய ஏழு மாதம் ஆயிற்று.

கவர்னர் என்றால் யார்?

நம் நாட்டில் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஆட்சியை நடத்துபவர் முதல்-மந்திரி.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவரிடம்தான். சட்டசபை நிறைவேற்றும் மசோதாவை ஏற்கவும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதனால்தான் அந்தப் பதவிக்கு அவ்வளவு போட்டி.

இந்தத் தேர்தல் நடந்தது வாஷிங்டன் மாகாணத்தில். ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை இருக்கும் வாஷிங்டன் நகரம் வேறு, இது வேறு. இந்த மாகாணம் நாட்டின் வடமேற்குக் கோடியில், பசிபிக் கடலோரத்தில் இருக்கிறது. ஆப்பிள் பழத்துக்குப் பேர் போனது. பெரிய நகரம் சியாட்டில்.

இருவர் போட்டி

ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் கிறிஸ்டீன் கிரெக்வார் என்ற பெண்மணி. மாகாண அரசின் தலைமை வக்கீலாகப் பன்னிரண்டு ஆண்டு பணியாற்றியவர்.

குடியரசுக் கட்சியின் வேட்பாளர் டீனோ ரோசி. நிலம், வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர்; மாகாண மேல்சபையில் அங்கம் வகித்தவர்.

நவம்பர் 2-ந் தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. முதல் எண்ணிக்கையில் ரோசிக்கு 261 ஓட்டு அதிகம்.

வித்தியாசம் 2 ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் மீண்டும் எண்ண வேண்டும் என்பது அந்த மாகாணத்தின் சட்டம். யந்திரத்தைக் கொண்டு மறுபடியும் எண்ணினார்கள். ரோசிதான் முன்னால் நின்றார். ஆனால் வித்தியாசம் 42 ஆகக் குறைந்துவிட்டது.

ரோசி ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. ஜனநாயகக் கட்சி விடவில்லை. "யந்திரம் வேண்டாம். கையால் எண்ணுங்கள்" என்று கேட்டது. அதற்கான பணத்தைக் கேட்பவர்தான் முன்கூட்டிக் கட்ட வேண்டும். 7 லட்சத்து 30 ஆயிரம் டாலரை அந்தக் கட்சி கட்டியது.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

"ஒரே ஓட்டுகள்தானே? எண்ணும்போதெல்லாம் கணக்கு எப்படி மாறும்?" என்று கேட்கத் தோன்றும்.

ஓட்டுச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் பெருக்கல் குறி போடுவார். இன்னொருவர் பெயரைச் சுற்றிக் கோடு போடுவார். யந்திரத்துக்கு அது புரியாது, தள்ளிவிடும். மனிதக் கண்ணுக்கு அவர் நினைத்தது புரிந்துவிடும்.

சில நூறு ஓட்டுகள் இப்படி மாறுவது எந்தத் தேர்தலிலும் நடக்கக்கூடியதுதான். வித்தியாசம் 50 ஆயிரமாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. 42 ஆக இருந்தால் ஒவ்வொரு சீட்டும் தங்கம்!

கையெழுத்து செய்த வேலை

கையால் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய திருப்பம் வந்தது.

சியாட்டில் நகரம் உள்ள ஜில்லாவின் பெயர் கிங். அந்த ஜில்லா சபையின் தலைவர் லாரி பிலிப்ஸ், தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் பட்டியலைப் பார்த்தார். அதில் அவர் பெயரே இருந்தது!

தபாலில் ஓட்டுப் போடுபவர் உறையின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு அதிகாரிகள் அதை ஒத்துப் பார்ப்பார்கள். பிலிப்சின் கையெழுத்து கம்ப்யூட்டரில் ஏறவில்லை. காகிதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே தள்ளிவிட்டார்கள்.

தேடிப் பார்த்தபோது, இப்படி 700-க்கும் மேற்பட்டவர்களின் ஓட்டு தள்ளப்பட்டது தெரிந்தது. ஓட்டர்கள் மீது ஒரு தவறும் இல்லை. தவறு அலுவலகத்தில்.

"காலம் கடந்துவிட்டது. இப்போது சேர்க்கக் கூடாது" என்றது குடியரசுக் கட்சி. மாகாண சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் டிசம்பர் 22-ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதிகாரிகள் செய்த பிழையைத் திருத்தலாம் என்பதே தீர்ப்பு.

அந்தச் சீட்டுகளைச் சேர்க்கும் முன்பே கிரெக்வார் 10 ஓட்டு முன்னேறியிருந்தார். சேர்த்த பிறகு அது 129 ஆயிற்று.

தேர்தல் முடிவுக்குச் சான்று வழங்குபவர் மாகாணச் செயலாளர் சாம் ரீட். அவர் குடியரசுக் கட்சிக்காரர். தன் கட்சி தோற்ற முடிவுக்கும் அவர் கையெழுத்துப் போட்டார். 2005 ஜனவரி 12-ந் தேதி கிரெக்வார் கவர்னராகப் பதவி ஏற்றார்.

கோர்ட்டில் வந்த கேள்வி

ரோசி வழக்குப் போட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தண்டனை பெற்று ஓட்டுரிமை இழந்தவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இறந்தவர்களின் பெயரிலும் ஓட்டு விழுந்திருந்தது. சிலர் இரண்டு முறை போட்டிருந்தார்கள்.

செல்லாத ஓட்டுகள் 1,678 என்று நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் கண்டார். வித்தியாசமோ 129தான்! அப்படியானால் தேர்தல் செல்லுமா?

செல்லும் என்று 2005 ஜூன் 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்த 1,678 ஓட்டும் யாருக்கு விழுந்தன என்பதற்குச் சாட்சியம் வேண்டும் என்றார் நீதிபதி. ஓட்டு ரகசியம். பெட்டியில் விழுந்த பிறகு, எது யாருடையது என்று பிரிக்க வழி இல்லை. "இந்தப் பேட்டையில் பெரும்பாலோர் கிரெக்வார் ஆட்கள், ஆகவே இதுவும் அவருடையதுதான்" என்று ஊகித்துக் கழிக்க முடியாது.

நான்கு பேர் மட்டும், ஓட்டுரிமை இல்லாத நாங்கள் ரோசிக்குப் போட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நான்கையும் நீதிபதி கழித்தார். வித்தியாசம் 133 ஆயிற்று! வழக்குப் போட்டவருக்கு ஓட்டு குறைந்ததுதான் மிச்சம்.

அன்றே ரோசி, அப்பீல் செய்யப் போவதில்லை என்று அறிவித்தார். மனக்கசப்பு இருந்தது. தீர்ப்பு தனக்குச் சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சண்டையை அத்தோடு நிறுத்தினார். 2008-ல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். இந்த முறை கிரெக்வார் 53 சதவீதம் ஓட்டு வாங்கித் தெளிவாக ஜெயித்தார்.

இதில் என்ன தெரிகிறது?

அமெரிக்காவுக்கு இது புதிதல்ல. 1962-ல் மின்னசோட்டா மாகாணத்தில் 91 ஓட்டில் கவர்னர் பதவி கைமாறியது. முடிவு தெரிய அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஆயிற்று.

மனிதர்கள் நடத்தும் தேர்தலில் பிழை வரும். பிழை வந்தால் எப்படித் திருத்துவது என்று முன்பே சட்டம் இருக்க வேண்டும். ஆள் யார், கட்சி எது என்று பார்த்து அதை மாற்றக் கூடாது. வாஷிங்டன் மாகாணம் தப்பியது அதனால்தான்.

இப்போது அங்கே தேர்தல் தபாலிலேயே நடக்கிறது. கையெழுத்து பொருந்தவில்லை என்றால் ஓட்டருக்குத் தகவல் அனுப்புகிறார்கள். சரிசெய்ய அவகாசமும் கொடுக்கிறார்கள்.

28 லட்சம் பேரில் வித்தியாசம் 129. ஏறக்குறைய 22 ஆயிரம் பேருக்கு ஒரு ஓட்டு. அன்று சோம்பலாக வீட்டில் இருந்துவிட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! அவர்களில் ஒரு தெருக்காரர்கள் கிளம்பி வந்திருந்தால் கவர்னரே மாறியிருப்பார்.