பட்டம் பார்த்துத் திறக்கும் கதவு

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் 2014-இன் இறுதியில் தொடங்கிய ‘தி லீக்’ என்னும் டேட்டிங் செயலியில், விரும்பிய எவரும் உடனே சேர்ந்துவிட முடியாது. தொடக்கத்தில் பேஸ்புக், லிங்க்ட்இன் கணக்குகளை இணைக்க வேண்டியிருந்தது. எந்தக் கல்லூரியில் படித்தார், எங்கே வேலை பார்க்கிறார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப்பார்கள். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டியதுதான். உள்ளே போனவருக்கும் நாளொன்றுக்கு ஒருசில ப்ரொஃபைல்களே, அதுவும் மாலை ஐந்து மணிக்குக் காட்டப்பட்டன. இதை உருவாக்கிய அமாண்டா பிராட்ஃபோர்ட், ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ முடித்தவர். உடன் வேலை பார்ப்பவர்களின் கண்ணில் படாமல் துணை தேட வழி வேண்டும் என்பது அவருடைய ஆரம்ப நோக்கங்களில் ஒன்று.

மேட்டிமைத்தனம் என்ற குற்றச்சாட்டு இந்தச் செயலியின்மீது அப்போதே எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், இத்தகைய இடங்களைத் தேடிப் போகும் பெண்களின் நியாயமான குறை நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் பெண்கள். படித்து, வேலையில் உயர்ந்து, முப்பதைத் தாண்டிய பெண்ணிடம் ‘உன்னைப் பார்த்தால் ஆண்களுக்குத் தயக்கமாக இருக்கும்’ என்று அவளுடைய நலம் விரும்பிகளே சொல்கிறார்கள். தன் படிப்பைக் கண்டு ஒதுங்காத ஒருவன் வேண்டும் என்று அவள் கேட்பதில் ஆணவம் எதுவும் இல்லை. மேலாளரோ, வாடிக்கையாளரோ தன் படத்தைப் பார்த்துவிடக் கூடாது என்ற அச்சமும் நியாயமானதே.

என் எதிர்ப்பு அந்தப் பெண்ணிடம் இல்லை. அவளுடைய குறையை வைத்து இந்த நிறுவனங்கள் எதை விற்கின்றன என்பதில்தான் இருக்கிறது. 2022-இல் தி லீக்கை வாங்கியது மேட்ச் குழுமம். டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் ஆகிய டேட்டிங் செயலிகளும் அதனுடையவைதான். யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற சந்தையை நடத்தும் அதே நிறுவனம், அந்தச் சந்தையில் சலித்துப்போனவர்களுக்காகத் தனி அறையையும் வைத்திருக்கிறது. 2023-இல் டிண்டரிலேயே, குறிப்பிட்ட சிலரை மட்டும் அழைத்து, மாதம் 499 டாலர் கட்டணத்தில் ‘டிண்டர் செலக்ட்’ என்ற வகுப்பைத் தொடங்கியது. இங்கே விலை பேசப்படுவது பொருத்தம் அல்ல, மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்ற நிம்மதி. வெளியே ஆள் நின்றால்தான் உள்ளே இருப்பதற்கு மதிப்பு. ஆகவே காத்திருப்போர் பட்டியல் இந்த வணிகத்தின் மூலதனம்.

பட்டதாரிகளுக்கென்று தனியாகத் துணை தேடித் தரும் ஏற்பாடு செயலிகளோடு பிறந்ததல்ல. ஓர் அரசாங்கமே இதைப் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறது. 1983 ஆகஸ்டில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, தேசிய தினப் பேருரையில் 1980-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துவைத்துப் பேசினார். பட்டதாரிப் பெண்களில் பலர் மணமாகாமல் இருக்கிறார்கள், மணமானவர்களும் குறைவாகவே பிள்ளை பெறுகிறார்கள் என்றார். இதற்கு அவரே சொன்ன காரணம் தெளிவானது: ஆண்கள் தங்களைவிடக் குறைவாகப் படித்த பெண்ணையே மணக்க விரும்புகிறார்கள்.

நோயை அவர் சரியாகத்தான் கண்டார். ஆனால் அறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்ற நம்பிக்கையோடு அதை முடிச்சுப் போட்டார், கொடுத்த மருந்தும் அந்த நம்பிக்கையிலிருந்தே வந்தது. மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ள பட்டதாரித் தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. படிப்பும் வருமானமும் குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட தாய்மார்கள், ஓரிரு குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 சிங்கப்பூர் டாலர் என்றும் அறிவித்தார்கள். ஒரு தாயின் படிப்பை வைத்து, அவளுடைய பிள்ளைகள் பிறப்பது நல்லதா கெட்டதா என்று அரசு தீர்மானித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் மனம் கொதிக்கிறது.

1984-இல் சமூக மேம்பாட்டுப் பிரிவு, ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்டியூ, தொடங்கியது. பட்டதாரி ஆண்களையும் பெண்களையும் சந்திக்க வைப்பது அதன் வேலை. கப்பல் பயணங்கள், நடன விருந்துகள், கணினி வழியே ஜோடி சேர்ப்பது எல்லாம் அரசு ஏற்பாட்டில் நடந்தன. அடுத்த ஆண்டில், பட்டம் பெறாதவர்களுக்கென்று எஸ்டிஎஸ் என்ற வேறொரு பிரிவு வந்தது. ஒரே நகரம், ஒரே தலைமுறை. காதலிப்பதற்கு மட்டும் இரண்டு வாசல்கள். மக்கள் எஸ்டியூ என்ற ஆங்கில எழுத்துகளுக்கு வேறு விரிவு கொடுத்து, அங்கே போன பெண்களைக் கேலி செய்தார்கள். துணை தேடி வந்தவளுக்கு அரசு அளித்த பரிசு அந்த அவமானம்.

1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு சுமார் 13 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பட்டதாரித் தாய்மார் திட்டத்தின்மீது இருந்த கோபமும் அவற்றில் ஒன்று. பள்ளி முன்னுரிமை 1985-இல் கைவிடப்பட்டது. ஆனால் இரண்டு வாசல்களும் 2009 வரை தனித்தனியாகவே இருந்தன, அதன் பிறகுதான் இரு பிரிவுகளும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. அங்கே சந்தித்து மணந்த தம்பதியர் ஏராளம், அவர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் லீ சுட்டிக்காட்டிய சிக்கல் ஆணின் மனதில் இருந்தது. எஸ்டியூ மாற்றியமைத்ததோ, பெண் எந்த அறையில் காத்திருக்க வேண்டும் என்பதை. இன்றைய செயலிகளும் அதே இடத்தில்தான் தவறுகின்றன.

இன்னொரு விஷயம், பட்டம் என்பதே எதைக் காட்டுகிறது என்பது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 38 கல்லூரிகளில், வருமானத்தில் உச்சியில் உள்ள 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழே உள்ள 60 சதவீதக் குடும்பங்கள் அனைத்தின் பிள்ளைகளையும்விட அதிகமாக இருந்தார்கள். யேல், பிரின்ஸ்டன் போன்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லூரிப் பெயரைப் பார்த்து ஆள் எடுக்கும் செயலி, திறமையைச் சலித்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் அப்பாவின் சம்பளத்தைச் சலித்தெடுக்கிறது.

அதே செட்டி குழு 2022-இல் பேஸ்புக்கின் 2,100 கோடி நட்புத் தொடர்புகளை ஆராய்ந்தது. ஏழைக் குழந்தைகள் வளர்ந்து மேலே வருவதோடு நெருங்கிய தொடர்புடையது, அந்த ஊரில் ஏழைகளும் வசதியானவர்களும் எவ்வளவு பழகுகிறார்கள் என்பதுதான் என்று அது கண்டது. நட்புக்கே இந்த வலிமை என்றால், இரண்டு குடும்பங்களையே இணைத்துவிடும் திருமணத்துக்கு எவ்வளவு இருக்கும்? ஒவ்வொரு தலைமுறையிலும் படித்தவர்கள் படித்தவர்களை மட்டுமே சந்திக்கும்படி வழிகளை அடைத்துவிட்டால், இரண்டு சம்பளமும் இரண்டு பரம்பரைச் சொத்தும் ஒரே வீட்டுக்குள் போய்ச் சேரும்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. சென்னையிலிருந்து இயங்கும் பாரத்மேட்ரிமோனி நிறுவனம் வசதி படைத்தவர்களுக்கென ‘எலைட் மேட்ரிமோனி’ நடத்துகிறது. ‘ஐஐடி ஐஐஎம் ஷாதி’ என்ற தளம் பெயரிலேயே தன் வாசலைச் சொல்லிவிடுகிறது. சாதி பார்ப்பதைவிடப் படிப்பு பார்ப்பது மேல் என்று இவற்றுக்கு ஆதரவாகச் சொல்வார்கள். நானும் அப்படி நம்பவே விரும்புவேன். ஆனால் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத இடஒதுக்கீடு ஐஐடிகளில் 2008-இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன் படித்து வெளியே வந்தவர்களிடையே கல்லூரிப் பெயரைச் சொன்னால், சாதியையும் ஓரளவு சொன்னதாகவே ஆகும். போதாக்குறைக்கு, பெரும்பாலான மேட்ரிமோனி தளங்களில் படிப்புக்கான கட்டத்தோடு சாதிக்கான கட்டமும் இருக்கிறது. ஒன்று போய் மற்றொன்று வரவில்லை. இரண்டு வேலிகளும் சேர்ந்தே நிற்கின்றன.

தனியுரிமைக்காக இந்த வாசல்கள் தேவை என்ற வாதம் இன்று நிற்காது. தெரிந்தவர்களின் தொலைபேசி எண்களைக் கொடுத்து அவர்கள் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும் வசதி டிண்டரில் 2021-இல் வந்தது. படத்தில் இருப்பவர் அவர்தானா என்று சரிபார்க்கும் வசதி 2020-லேயே வந்துவிட்டது. பெண் பாதுகாப்பாகத் துணை தேட இவையே அடிப்படை. கட்டணமில்லாமல் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியவை, இவற்றுக்குப் பட்டச் சான்றிதழ் எதற்கு?

மிஞ்சுவது லீ குவான் யூ சொன்ன அந்தத் தயக்கம். படித்த மனைவியை ஒரு பெருமையாக மணந்துகொண்டு, அவளுடைய வேலையை இரண்டாம்பட்சமாக நடத்தும் ஆண்கள் பெரிய கல்லூரிகளிலிருந்தும் வருகிறார்கள். 2024-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். எந்தக் கல்லூரியின் பெயரும் ஒருவர் அந்த 88-இல் இருக்கிறாரா, அதைத் தாண்டுவாரா என்று சொல்லாது. மனைவிக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்தால் அவர் உடன் போவாரா, இரவுப் பணி உள்ள மருத்துவரை மணந்தால் குழந்தையை யார் தூங்க வைப்பது, அவள் சம்பளம் கூடுதலாக இருந்தால் அவர் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பவைதான் அந்தப் பெண் கேட்க விரும்பும் கேள்விகள். மணமகனுக்கான படிவத்தில் இவற்றைக் கட்டாயக் கேள்விகளாகச் சேர்த்து, பதிலை எல்லாரும் பார்க்கும்படி ப்ரொஃபைலிலேயே வைக்கலாம். சென்னையில் இருக்கும் மேட்ரிமோனி நிறுவனங்களால் அதை அடுத்த மாதமே தொடங்க முடியும்.