‘எல்லாத்தையும் சாதியா பார்க்காதீங்க’ என்று சொல்லாத ஓர் ஆலோசகர்

தலித், பழங்குடி மாணவர்களின் மனநலம் பற்றிப் பொதுச் சமூகம் பேசத் தொடங்குவது ஒரு மரணத்துக்குப் பிறகுதான். 2016 சனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் டெல்லியில் சேலத்து முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதத்தில் மும்பையில் மருத்துவர் பாயல் தத்வி. ஒவ்வொரு முறையும் ‘மன அழுத்தத்தில் இருந்தார்’ என்று ஒரு வரி வரும். அழுத்தியது யார் என்ற வரி வராது. உயிரோடு இருக்கும்போது நமக்குக் கிடைக்கிற உதவி எப்படிப்பட்டது என்பதைப் பற்றி நாமும் குறைவாகத்தான் பேசுகிறோம்.

முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் எனக்குத் தூக்கம் போனது. என் ஆய்வின் ஓர் இயல் நெறியாளரின் மேசையில் மாதக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடந்தது. ‘கோட்டாவில் வந்தவர்கள்’ என்ற பேச்சு, காதில் விழும்படியே துறையில் நடந்தது. மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போனேன். “எல்லாத்தையும் சாதியா பார்க்காதீங்க. மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, பாசிட்டிவா யோசிங்க” என்றார்கள். இரண்டாம் முறை போகவில்லை.

பிறகு ஒரு தோழர் வழியாக, இணையத்தில் ஆலோசனை தரும் மருத்துவ உளவியலாளர் ஒருவரின் தொடர்பு கிடைத்தது. முதல் நாளே அவர் சொன்னார்: “நான் ஆதிக்க சாதிக் குடும்பத்துல பிறந்தவ. நான் கேக்குறது எங்கயாவது உங்களைக் காயப்படுத்தினா, உடனே நிறுத்திச் சொல்லுங்க.” நடந்ததைச் சொன்னபோது ஆதாரம் கேட்கவில்லை. “இது உங்க கற்பனை இல்ல. உங்களுக்கு நடந்ததுக்கு உங்க உடம்பு பதில் சொல்லுது” என்றார்.

கனிவு என்றால் ஆறுதல் வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரிடம் அது ஒரு வேலைமுறையாக இருந்தது. நடந்த ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதச் சொன்னார். அதில் என் பொறுப்பு எது, நிறுவனத்தின் பொறுப்பு எது என்று இருவரும் பிரித்தோம். அவரும் மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார். மையத்தில் அது என் வாயை அடைப்பதற்கு. இங்கே, நெறியாளர் முன்னால் குரல் நடுங்காமல் பேசுவதற்கு. அந்தத் தேதிகளை வைத்துத்தான் ஆய்வுக் குழுவுக்கு எழுத்துப்பூர்வமாக முறையிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது தூங்குகிறேன்.

‘சாதி சமூகத்தின் நோய். அதற்குத் தனிமனிதர் ஏன் சிகிச்சை எடுக்க வேண்டும்?’ என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அடிபட்டவனையே நோயாளியாக்கி அடித்தவனைத் தப்பவிடும் சிகிச்சை நமக்கு வேண்டாம். ஆனால் தடியடியில் கால் முறிந்த தோழருக்கு நாம் கட்டுப் போடாமலா விடுகிறோம்? காலனியத்தை எதிர்த்து எழுதிய ஃபிரான்ஸ் ஃபானோன் அல்சீரியாவில் மனநல மருத்துவராக வேலை பார்த்தவர். 1956இல் அந்த வேலையைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் முழுமையாக இறங்கினார். காயத்தையும் அதை உண்டாக்கிய ஆட்சியையும் அவர் சேர்த்தே பார்த்தார்.

இணையவழி ஆலோசனை நமக்கு ஒரு வாசலைத் திறக்கிறது. தெருப் பெயரை வைத்தே சாதியைக் கண்டுபிடிக்கிற ஊரில், வெளியூர் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க முடிவது சிறிய விசயமல்ல. ஆனால் எனக்கு விடுதியில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. ஐந்து பேர் வாழும் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் என் சித்தி மகள் எங்கே உட்கார்ந்து மனம் திறப்பாள்? உதவித்தொகை தாமதமான மாதங்களில் என் ஆலோசகர் பாதிக் கட்டணம்தான் வாங்கினார். ஒருவரின் நல்ல மனசை நம்பி ஒரு தலைமுறையின் மனநலத்தை விட்டுவிட முடியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆவது பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இன்றி, கட்டுப்படியாகும் செலவில் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. அந்த உரிமையைக் கல்வி வளாகங்களில் கேட்போம். ஆலோசகர் பணியிடங்கள் நிரந்தரமாக, இடஒதுக்கீட்டோடு நிரப்பப்பட வேண்டும். ஆலோசகர்களின் பாடத்திட்டத்தில் சாதி கட்டாயப் பாடமாக வேண்டும். மாணவர் சொன்னது துறைத்தலைவர் காதுக்குப் போகாதபடி, ஆலோசனை மையம் நிர்வாகத்தின் பிடிக்கு வெளியே இயங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். பேசுகிறவர் உங்கள் சாதி அனுபவத்தைத் தட்டிக்கழித்தால், இன்னொருவரைத் தேடுங்கள். உதவி தேடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.