வண்டியின் விளக்கு யாருக்கு உரியது?

இரவில் வீதியிற் செல்லும் வண்டியின் விளக்குக்கு இரு கடமைகள் உள. சாரதிக்கு வழியைக் காட்டுதல் ஒன்று. வண்டியையும் அது செல்லக் கருதிய திசையையும் பிறருக்குக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது நிற்கும்போதே விளக்கு விளக்காகின்றது. இற்றை நாளிற் செய்யப்படும் கார்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, மூன்றாவதொரு கடமை இடையே புகுந்து முதலிடம் பெற்றுவிட்டமை புலனாகும். அதுவே அலங்காரம். வாங்குவோன் கண்ணைக் கவர்வதில் எடுக்கும் சிரத்தையை எதிரே வருவோன் கண்ணைக் காப்பதில் எடுக்கின்றார்களில்லை என்பதே எமது குறை.

இந்நிலை எவ்வாறு வந்தது? ஆதியிற் கார்கள் எண்ணெய் விளக்கையும் காபைட்டு வாயு விளக்கையும் ஏந்திச் சென்றன. பின்னர் மின்விளக்கு வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1940 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே அளவினதாய், முற்றாக அடைக்கப்பட்ட வட்ட விளக்கையே எல்லாக் கார்களுக்கும் விதித்தன. அவ்விளக்கில் அழகு குறைவு. ஆயின் எந்தக் கடையிலும் வாங்கலாம், எவரும் மாற்றலாம். 1983 இல் அவ்விதி தளர்ந்தது. ஐரோப்பாவிலோ 1962 இல் ஹலஜன் விளக்கும், 1991 இல் செனன் விளக்கும் கார்களில் ஏறின. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுமுன் எல்.ஈ.டி. விளக்கும் வந்து சேர்ந்தது. ஒளி பெருகப் பெருக, விளக்கின் உருவம் பொறியியலாளர் கையினின்றும் ஓவியர் கைக்கு மாறியது.

முன்னாளில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்து வீதிகளிற் பல்லாண்டு ஓடிய மொறிஸ் மைனர் காரை அறியாத பழைய மாணவர் இலர். 1948 இல் அது வெளிவந்தபோது அதன் முன்விளக்குகள் தாழ்வாக, முகப்புக் கம்பிச் சட்டத்தின் இரு பக்கமும் இருந்தன. அமெரிக்காவில் விளக்குகள் இன்ன உயரத்தில் இருத்தல் வேண்டும் என்ற விதி குறுக்கிடவே, சில ஆண்டுகளுள் அவை மட்காட்டின் மேலே ஏற்றப்பட்டன. சட்டம் கேட்டது, சித்திரம் வளைந்து கொடுத்தது. இன்று சித்திரம் கேட்கின்றது. சட்டம் வளைந்து கொடுக்கின்றது.

முதலாவது குற்றம் கண்கூச்சம். தாழ்த்திய விளக்கொளி ஓர் எல்லைக்கோட்டிற்குக் கீழேயே விழவேண்டும். இடப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் இடது ஓரத்தில் மாத்திரம் சற்று உயர்ந்து பாதசாரியைக் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடே. ஆயின் ஜீப் போன்ற உயர்ந்த கார்கள் பெருகிய இக்காலத்தில் விளக்கும் உயர்ந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் வாகன விதி, தாழ்த்திய விளக்கை நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரம் வரை வைக்க இடமளிக்கின்றது. சிறிய காரிலிருக்கும் சாரதியின் கண்ணோ ஏறத்தாழ 1.1 மீற்றர் உயரத்தில் உள்ளது. விதிக்கு அமைந்த விளக்கே அவன் கண்ணுக்கு மேலே நிற்கலாம் என்றால் என் செய்வது? மேலும், எல்.ஈ.டி. விளக்கு அதே ஒளியை மிகச் சிறிய பரப்பினின்றும் வீசுவதால் கூச்சம் மிகுகின்றது. வயது ஏற ஏறக் கண்வில்லை தெளிவிழந்து, புகும் ஒளியைச் சிதறச் செய்யும். அச்சிதறல் விழித்திரையில் ஒரு திரைபோற் படிய, எதிரே நிற்கும் மனிதன் மறைகின்றான். இளைஞனுக்கு வெறும் தொல்லையாயுள்ளது முதியவனுக்குக் கணநேரக் குருடாகின்றது.

இரண்டாவது குற்றம் சைகையின் மறைவு. பழைய மொறிஸ் மைனரில் வண்டி திரும்புமுன் பக்கத்திலிருந்து ஒரு கைகாட்டி எழும். அது ஒன்றையே சொல்லும். பிழையாக விளங்க இடமில்லை. இற்றைக் கார்களிற் பலவற்றில் திரும்பும் சைகை விளக்கு, பிரகாசிக்கும் முன்விளக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கிவிட்டது. சூரியன் அருகே விண்மீனைத் தேடுவது போல அதைத் தேடவேண்டும். வேறு சில கார்களிலோ பின்புறச் சைகை விளக்கு பம்பரின் அடிவரை இறங்கிவிட்டது; நெருங்கி நிற்கும் வண்டியின் சாரதிக்கு அது தோன்றவே தோன்றாது. நிறத்திலும் குழப்பம் உண்டு. உலகின் பெரும்பகுதியில் பின்புறச் சைகை மஞ்சட் செம்மையாயிருக்க, அமெரிக்காவிற் பிறேக்கு விளக்கின் சிவப்பிலேயே அதனை அமைக்கவும் அனுமதி உண்டு. திரும்பும்போதும் ஓரம் மாறும்போதும் பின்னாலிருந்து மோதப்படும் விபத்துக்களை ஆராய்ந்த அந்நாட்டு அரசாங்கத் திணைக்களமே, மஞ்சள் நிறச் சைகையால் அவை ஏறத்தாழ 5.3 வீதம் குறைவதாக 2009 இல் வெளியிட்டது. செலவற்ற இத்திருத்தத்தையும் செய்ய மனமில்லை.

மூன்றாவது குற்றம் முன்னே ஒளியும் பின்னே இருளும். பகலிலும் எரியும் முன்விளக்கைச் சுவீடன் 1977 இல் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. நோக்கம் நன்றே. ஆயின், மாலை மயங்கியபின்னும் முன்னே ஒளி விழுவதையும், எப்பொழுதும் ஒளிரும் மானிப் பலகையையும் கண்ட சாரதி, எல்லா விளக்கும் எரிகின்றன என நம்பிச் செல்கின்றான். பின்விளக்கோ அணைந்திருக்கின்றது. இக்கேட்டை உணர்ந்த கனடா, 2021 செப்ரெம்பர் முதலாகப் புதிய வாகனங்களிற் பின்விளக்கும் உடன் எரிதல், அல்லது இருளில் எல்லா விளக்கும் தாமே எரிதல், அல்லது மானிப் பலகை இருண்டிருந்து சாரதியை எச்சரித்தல் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும் என விதித்தது. விளக்கின் மொழியைப் பிறர் பக்கத்தில் நின்று சிந்தித்த விதி அது.

புதுமை அனைத்தையும் யாம் பழிக்கின்றோமல்லோம். பின்கண்ணாடியின் நடுவே உயரத்தில் எரியும் மூன்றாவது பிறேக்கு விளக்கை நோக்குக. 1974 இல் சான் பிரான்சிஸ்கோ நகர வாடகைக் கார்களிற் பரீட்சிக்கப்பட்ட அவ்விளக்கு, 1986 ஆம் ஆண்டு மாதிரி முதலாக அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. பின்மோதல் விபத்துக்களை அது நிரந்தரமாக 4.3 வீதம் குறைத்ததென 1998 இற் கணித்தனர். எல்.ஈ.டி. பிறேக்கு விளக்கு, இழை விளக்கிலும் ஏறத்தாழ 0.2 செக்கன் முந்தி எரிகின்றது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது பின்வருவோனுக்கு ஐந்தரை மீற்றர் தூரத்தை ஈகின்றது. நல்ல முன்விளக்குள்ள கார்கள் இரவில் தனித்து விபத்துறுவதும் குறைவு. ஆகவே ஒளியன்று குற்றம். ஒளியை யாருக்காக அமைக்கின்றோம் என்பதே வினா.

கண்கூச்சத்தால் நேர்ந்ததெனப் பதியப்படும் விபத்து மிகச் சிலவே எனச் சிலர் வாதிப்பர். மெய்யே, ஆயின் கூச்சத்துக்கு அஞ்சி இரவிற் பயணத்தையே கைவிட்ட முதியவர் எந்தப் பதிவேட்டில் உளர்? ஒளி தாங்காது துவிச்சக்கர வண்டியை விட்டிறங்கி வேலியோரம் ஒதுங்கி நிற்பவன் எந்தக் கணக்கில் உளன்? பிற வண்டிகளைக் கண்டு அவற்றின் மேல் விழும் ஒளியை மட்டும் தானே மறைக்கும் விளக்கு வந்துவிட்டது, அமெரிக்காவும் 2022 இல் அதற்கு அனுமதி வழங்கிற்று என்பர். அது பெரும்பாலும் பிற வண்டிகளின் விளக்கைக் கண்டே அடங்குவது. விளக்கில்லாது நடந்து வருவோனை அது எங்ஙனம் மதிக்கும்?

எமது நாட்டில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய விளக்குகள் பழைய ஒழுங்கைகளுள் நுழைகின்றன. அங்கே காரும் உழவு இயந்திரமும், துவிச்சக்கர வண்டியும் கால்நடையும் ஒரே பாதையிற் செல்கின்றன. போதாக்குறைக்கு, ஹலஜன் குமிழுக்கென வகுத்த கிண்ணத்துள் எல்.ஈ.டி. குமிழைப் புகுத்தும் வழக்கமும் பரவியுள்ளது. இழை இருந்த இடத்தைக் கணித்தே கிண்ணம் வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் பிறழின் எல்லைக்கோடு சிதறும். அதைப் பூட்டியவன் தன் வழி வெளித்ததென மகிழ்வான். எதிரே வருவோன் வழி இருண்டதை அறியான்.

செய்யத்தக்கன சிலவே. விளக்கின் உயரத்தையும், சைகையின் இடத்தையும் நிறத்தையும் அரசு விதித்து, வருடாந்தப் பரிசோதனையில் ஒளி விழும் கோணத்தையும் அளத்தல் வேண்டும். பின்னாற் பாரம் ஏறின் முன்பக்கம் நிமிரும். அப்போது விளக்கைத் தாழ்த்தும் திருகியைச் சாரதி பயன்படுத்தல் வேண்டும். மாலையிற் புறப்படுமுன் வண்டியின் பின்னே ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பிறரை நினைக்கும் மனம் போதும்.

எமது கல்லூரியினின்றும் பொறியியல் கற்கச் செல்லும் மாணவர் பலர். அவர்களுட் சிலர் நாளை பிறநாட்டுத் தொழிற்சாலைகளிற் கார்களை வகுக்கவும் கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். விளக்கை வரையும்போது கார் வாங்குவோனை ஒரு கண்ணால் நோக்குக. தலையிற் கடகத்தோடு இருளில் எதிரே நடந்து வரும் மூதாட்டியை மறு கண்ணால் நோக்குக. வண்டி வாங்கியவனுடையது, அதன் விளக்கிற் பாதி வீதியிற் செல்லும் மற்றையோருடையது.