பழைய வீடியோ கசற்றைக் கைவிடாதீர்கள்



இம்மாதம் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவோம். நமது வீடுகளில் முன்பு 'டெக்' என்று அழைத்தோமே, அந்த வீடியோ டெக் பற்றித்தான்.

நம்மில் பலருடைய ட்ரங்குப் பெட்டியில் ஒன்றிரண்டு வீடியோ கசற்றுகள் கிடக்கின்றன. திருமணம், சாமத்திய வீடு, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் என்று ஏதோவொன்று அதில் பதிவாகியிருக்கும். இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் போயின, நகைகள் போயின. கொழும்பிலோ வெளிநாட்டிலோ உறவினர் ஒருவரிடம் இருந்த காரணத்தால் கசற் மாத்திரம் தப்பியது. இன்று நம்மோடு இல்லாத கணவர், மகன், சகோதரர் அதற்குள் நடக்கிறார், சிரிக்கிறார், பேசுகிறார். புகைப்படத்தில் குரல் இல்லை. கசற்றில் இருக்கிறது.

ஆனால் காலம் நமக்காகக் காத்திருக்காது. டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய் 2016 ஆம் ஆண்டு யூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் ஒவ்வொன்றாகப் பழுதடைகின்றன. நமது ஈரப்பதனான காலநிலையில் நாடாவில் பூஞ்சணமும் பிடிக்கிறது. எனவே ஓடும் டெக் ஒன்று கிடைக்கும்போதே பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

"வயர் கொழுவுறதெல்லாம் ஆம்பிளையளின்ர வேலை" என்று சில சகோதரிகள் சொல்வதுண்டு. இது பிறப்பில் வந்த வேறுபாடு அல்ல, வளர்ப்பில் வந்த பழக்கம். தையல் இயந்திரத்தில் நூல் கோர்க்கத் தெரிந்தவருக்கு மூன்று வயர்களைக் கொழுவுவது பெரிய காரியமே அல்ல.

முதலில் செய்ய வேண்டியவை

கசற்றின் முதுகுப்பக்க ஓரத்தில் சிறிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்று இருக்கும். அதை முறித்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாக REC பொத்தானை அழுத்தினாலும் மேலே எதுவும் பதியாது. நான் பணிக்குச் செல்லும் கிராமமொன்றில் ஒரு சகோதரியின் திருமணக் கசற்றில், தாலி கட்டும் இடத்தில் கிரிக்கெட் ஆட்டம் ஓடுகிறது. வீட்டில் யாரோ ஒரு நாள் ரீவியிலிருந்து பதிந்துவிட்டார்கள். அழிந்த காட்சியை எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது.

கசற்றின் கண்ணாடிப் பகுதியால் உள்ளே பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடவேண்டாம். டெக்கின் 'ஹெட்' பழுதாவதோடு, அடுத்துப் போடும் கசற்றுக்கும் அது தொற்றும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

டெக் இரவல் வாங்கினால் அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ற் அளவை வாசியுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ற். கனடாவிலிருந்து வந்த டெக் 120 வோல்ற்றுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். நேரே பிளக்கைச் செருகினால் எரிந்துவிடும். அவ்வாறே கனடாவில் எடுத்த கசற் NTSC முறையில் இருக்கும். நம் நாட்டில் PAL முறை. படம் கறுப்பு வெள்ளையாக ஓடினாலோ உருண்டாலோ கசற் பழுது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். இரண்டு முறையும் ஓடும் டெக்கில் போட்டுப் பாருங்கள்.

எந்த டெக்கானாலும் முதலில் பழைய சினிமாக் கசற் ஒன்றை ஓடவிட்டுச் சோதியுங்கள். நாடாவைக் கடிக்கவில்லை என்று கண்டபிறகே உங்களுடையதைப் போடுங்கள்.

ரீவியுடன் இணைத்தல்

மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. டெக்கின் OUT துளைகளிலிருந்து ரீவியின் IN துளைகளுக்கு, நிறத்துக்கு நிறம் கொழுவுங்கள். டெக்கில் சத்தத்துக்கு ஒரு துளை மட்டும் இருந்தால் வெள்ளையை மட்டும் கொழுவினால் போதும். பின்னர் ரீவி ரிமோட்டில் AV, INPUT அல்லது SOURCE என்பதை அழுத்துங்கள்.

ரீவியில் இந்தத் துளைகள் இல்லையென்றால் அன்ரனா வயர் மூலமும் பார்க்கலாம். டெக்கின் RF OUT துளையிலிருந்து ரீவியின் அன்ரனாத் துளைக்கு வயரைக் கொடுத்து, கசற்றை ஓடவிட்டபடி ரீவியில் சனலைத் தேடுங்கள். பெரும்பாலும் UHF பகுதியில் 30 இற்கும் 40 இற்கும் இடையில் அகப்படும்.

கேபிள் ரீவி உள்ள வீடுகளில்

கேபிள் நிகழ்ச்சியொன்றைக் கசற்றில் பதிய விரும்பினால் ஒழுங்கு இதுதான்: சுவரிலிருந்து வரும் கேபிள் பெட்டிக்கு, பெட்டியின் OUT டெக்கின் IN இற்கு, டெக்கின் OUT ரீவிக்கு. டெக்கில் AV, LINE அல்லது L1 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சனலை மாற்றுவது பெட்டியில்தான். பெட்டி எதைக் காட்டுகிறதோ அதுவே பதியும். முன்பு கேபிள் வயரை நேரே டெக்கிற்குக் கொடுத்த காலத்தில் ஒரு சனலைப் பதிந்தபடி இன்னொன்றைப் பார்க்க முடிந்தது. ஒரே பெட்டியில் வரும் இணைப்பில் அது முடியாது. இப்பதிவுகளுக்கு வேறு கசற் வைத்திருங்கள். குடும்பக் கசற்றை அதற்கு எடுக்கவே கூடாது.

பிரதி எடுத்தல்

டெக்கின் மூன்று வயர்களையும் கணினிக்குக் கொடுப்பதற்கு ஒரு சிறு கருவி விற்கிறார்கள். அதன் ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மறுபக்கம் பென்டிரைவ் போல USB. மூன்று மணித்தியாலக் கசற்றுக்கு மூன்று மணித்தியாலம் செல்லும், அவசரப்படுத்த முடியாது. டிவிடி தரத்தில் எடுத்தால் ஏறக்குறைய 7 ஜிபி வரும். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று தாராளமாகப் போதும்.

ஸ்ரூடியோவில் கொடுப்பதானால் இயன்றவரை கூடவே இருந்து எடுப்பியுங்கள். மூலக் கசற்றைத் திரும்ப வாங்குங்கள். அவர்களுடைய கணினியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் குடும்பம் மாத்திரமல்ல, வேறு பலருடைய முகங்களும் இருக்கின்றன. அவற்றை எவருக்குக் காட்டுவது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

பிரதிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், மற்றையது வெளிநாட்டில் உள்ளவரிடம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்ததை 1995 இலும் 2009 இலும் கண்டவர்கள் நாம்.

முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, அதைப் புகைப்படமாக அச்சிடவும் முடியும். காணாமல் போனவரின் படம் ஒன்றுகூட இல்லாத தாய்மாருக்கு, எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும் இது கைகொடுக்கும்.

பார்க்கும்போது

பல வருடங்களுக்குப் பின் அந்தக் குரலைக் கேட்பது இலகுவானதல்ல. முதல் தடவை தனியே இருந்து பார்க்காதீர்கள். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தகப்பனைக் கண்டறியாத பிள்ளை நிறையக் கேள்விகள் கேட்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடலாம். பிரதி இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம். இப்போது பார்க்கவே மனம் வராதவர்களும் பிரதியை மட்டும் எடுத்து வையுங்கள். நாளை உங்கள் பிள்ளை கேட்கக்கூடும்.

இந்த வாரமே பெட்டியைத் திறந்து கசற்றை எடுங்கள். அந்தச் சிறு துண்டை முறித்து, மேலே பெயரையும் வருடத்தையும் எழுதி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். டெக் உள்ள வீடு எது என்று அயலில் விசாரியுங்கள். மாதர் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் கருவியின் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.